முலாமின் தடிமன்



பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதை உங்களிற் பலர் நேரிற் கண்டிருக்க மாட்டீர்கள். ஆயினும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாத்திரத்தை நெருப்பிற் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத் துண்டை உருக்கித் துணியால் ஒரு சுற்றுத் தேய்த்தால், மஞ்சள் நிறம் மறைந்து பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். புளிக் குழம்பு பித்தளையைத் தொட்டுக் களிம்பு ஏறாமற் காப்பது அந்த மெல்லிய பூச்சுத்தான். அதன் தடிமன் எவ்வளவு என்று ஈயம் பூசுபவரை எவரும் கேட்டதில்லை. பூச்சுத் தேய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கினால், மீண்டும் பூசிக்கொள்வார்கள், அவ்வளவே.

கோடிக்கணக்கான காசுகளை அடித்து மக்கள் கையிற் கொடுக்கும் நாணயச்சாலையில் இந்த முறை செல்லாது. ஒருமுறை வெளியே சென்ற காசை மறுமுறை முலாம் பூசுவதற்கு அழைக்க இயலாது. முலாம் மிக மெல்லியதாக இருந்தால் சில ஆண்டுகளில் உள்ளிருக்கும் உலோகம் வெளிப்பட்டுவிடும். மிகத் தடித்திருந்தால் செலவு ஏறிவிடும். ஆகவே, எவ்வளவு தடிமன் என்ற கேள்விக்கு அங்கே விடை வேண்டும். ஆனால் நாம் அளக்க விரும்பும் பொருளோ, ஓர் அளவுகோலின் மிகச் சிறிய கோட்டைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியது. அதை உரித்து எடுத்துக் கோலில் வைத்து அளக்கவும் முடியாது. அளக்க முடியாத ஒன்றை நிறுத்தும் கணக்கிட்டும் அறிவது எப்படி என்பதையே இன்று உங்களுக்கு விளக்க எண்ணுகிறேன். எட்டாம் வகுப்பிற் படித்த வட்டத்தின் பரப்பும் அடர்த்தியுமே இதற்குப் போதுமானவை.

எடுத்துக்காட்டாக ஒரு காசைக் கொள்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒரு சென்ட் காசு அது. அங்குப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது ஒரு கைப்பிடிக் காசுகளை எனக்குத் தந்து சென்றார். பார்வைக்கு அது முழுச் செம்புக் காசு போலவே இருக்கும். உண்மையில் அதன் உள்ளுடல் துத்தநாகம். 1982ஆம் ஆண்டுக்கு முன்பு அக்காசில் நூற்றுக்கு 95 பங்கு செம்பு இருந்தது, எடை 3.11 கிராம். செம்பின் விலை ஏறியதனால், 1982இல் துத்தநாக வில்லையின்மேல் செம்பு முலாம் பூசிக் காசு அடிக்கத் தொடங்கினார்கள். அதன் எடை 2.5 கிராம். அந்த ஓராண்டில் மட்டும் இருவகைக் காசுகளும் வெளிவந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தராசு மட்டுமே பிரித்துச் சொல்லும். ஆனாலும் துத்தநாகக் காசும் காலப்போக்கில் செலவு மிகுந்ததாயிற்று. 2024ஆம் நிதியாண்டில் ஒரு சென்ட் காசு ஒன்றை ஆக்கி வெளியிட 3.69 சென்ட் செலவாயிற்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிலடெல்பியா நாணயச்சாலையில், புழக்கத்துக்கான கடைசிச் சென்ட் காசு அடிக்கப்பட்டது. முன்பு அடித்த காசுகள் இன்னும் செல்லுபடியாகின்றன.

இக்காசைப் பற்றி வெளியிடப்பட்டுள்ள அளவுகள் நான்கு. எடை 2.5 கிராம். விட்டம் 19.05 மில்லிமீட்டர். விளிம்பின் உயரம் 1.52 மில்லிமீட்டர். கலவை: நூற்றுக்கு 97.5 பங்கு துத்தநாகம், 2.5 பங்கு செம்பு. இவற்றுடன் செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கணக்கின் அடிப்படை மிக எளிது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் கொத்தனாரைப் பாருங்கள். எவ்வளவு சாந்து செலவாயிற்று என்பதும், எவ்வளவு பரப்புக்குப் பூசினார் என்பதும் தெரிந்தால், பூச்சின் தடிமனைச் சொல்லிவிடலாம். சாந்தின் கன அளவைச் சுவரின் பரப்பால் வகுத்தால் தடிமன் கிடைக்கும். காசுக்கும் இதே விதிதான். முலாமாக உள்ள செம்பின் எடையை அடர்த்தியால் வகுத்தால் கன அளவு. கன அளவைக் காசின் மேற்பரப்பால் வகுத்தால் தடிமன்.

முதலில் பரப்பைக் காண்போம். காசின் ஆரம் 0.9525 சென்டிமீட்டர். ஒரு முகத்தின் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். இரு முகங்களுக்கும் 5.70. விளிம்பைச் சுற்றியுள்ள பட்டையை விரித்தால், அது காசின் சுற்றளவை நீளமாகவும் 0.152 சென்டிமீட்டரை அகலமாகவும் உடைய நீள்சதுரம். அதன் பரப்பு 0.91. ஆக, மொத்தப் பரப்பு 6.61 சதுர சென்டிமீட்டர். முகத்திலுள்ள உருவமும் எழுத்தும் மேடு பள்ளமாக இருப்பதால் உண்மைப் பரப்பு இதைவிடச் சிறிது மிகுதி. அந்த மிகுதி சிறிதாகையால் இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆனால் விட்டோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் விளிம்பைச் சேர்த்தது சரிதானா என்று நீங்கள் கேட்க வேண்டும். சரிதான்; ஏனெனில் இக்காசுக்குத் துத்தநாகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுத்த பிறகே முலாம் பூசினார்கள். ஆகவே விளிம்பும் செம்பால் மூடப்பட்டது. எல்லாக் காசுகளுக்கும் இப்படிச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது செம்பு போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால், 1943ஆம் ஆண்டில் அதே அமெரிக்க நாட்டார் எஃகின்மேல் துத்தநாகம் பூசிச் சென்ட் காசுகளை அடித்தனர். அப்போது முதலில் தகட்டுக்கு முலாம் பூசிவிட்டுப் பின்னரே வில்லைகளை வெட்டினர். வெட்டிய விளிம்பில் எஃகு வெறுமையாக நின்றது. அங்கிருந்தே துருவும் தொடங்கியது. அந்தக் காசின் முலாத்தைக் கணக்கிடுபவர், விளிம்பின் பரப்பைச் சேர்த்தால் விடை பிழையாகும். பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமல் சூத்திரத்தை மட்டும் கையில் வைத்திருந்தால் பயனில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இனிச் செம்பின் எடைக்கு வருவோம். எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் ஒருநாள் இந்த அளவுகளைக் கரும்பலகையில் எழுதி, முலாமின் தடிமனைக் கண்டுபிடிக்குமாறு மாணவர்களிடம் சொன்னேன். சிறிது நேரத்தில் இரண்டு மாணவர்கள் விடையுடன் வந்தனர். ஒரே காசு, விடைகளோ இரண்டு.

முதல் மாணவனின் கணக்கு இது. 2.5 கிராமில் நூற்றுக்கு 2.5 பங்கு என்றால் 0.0625 கிராம் செம்பு. அதை 8.96ஆல் வகுத்தால் 0.00698 கன சென்டிமீட்டர். அதை 6.61ஆல் வகுத்தால் 0.00106 சென்டிமீட்டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறோம், அதன்படி 10.6 மைக்ரான். கூட்டல், பெருக்கல், வகுத்தல் யாவும் பிழையற்றவை.

இரண்டாம் மாணவி கணக்கைத் தொடங்குமுன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: “ஐயா, இந்தக் காசில் உள்ள செம்பு முழுவதும் வெளியேதான் இருக்கிறதா?” அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். உள்ளே இருப்பது தூய துத்தநாகம் அன்று. அதில் நூற்றுக்கு 99.2 பங்கு துத்தநாகமும் 0.8 பங்கு செம்பும் கலந்துள்ளன. ஆகவே 0.0625 கிராம் செம்பில் ஒரு பகுதி முலாத்தில் இருக்கிறது. மற்றொரு பகுதி உள்வில்லைக்குள் கலந்து கிடக்கிறது. கேட்டவர்க்கே இந்தச் செய்தியைச் சொல்வது என்று வைத்திருந்தேன்.

அவள் வேறு வழியிற் சென்றாள். துத்தநாகம் முலாத்தில் இல்லை. முழுவதும் உள்வில்லையில்தான் இருக்கிறது. எனவே துத்தநாகத்திலிருந்து தொடங்கினால் குழப்பமில்லை. 2.5 கிராமில் நூற்றுக்கு 97.5 பங்கு 2.4375 கிராம். இது உள்வில்லையின் எடையில் நூற்றுக்கு 99.2 பங்கு. ஆகவே உள்வில்லையின் எடை 2.4375ஐ 0.992ஆல் வகுத்தால் வருவது, அதாவது 2.4572 கிராம். காசின் எடையிலிருந்து இதைக் கழித்தால் எஞ்சும் 0.0428 கிராமே முலாம். இதை 8.96ஆல் வகுத்தால் 0.00478 கன சென்டிமீட்டர், அதை 6.61ஆல் வகுத்தால் 0.00072 சென்டிமீட்டர், அதாவது 7.2 மைக்ரான்.

10.6 எங்கே, 7.2 எங்கே? முதல் விடை உண்மையை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் காட்டியது. இத்தனைக்கும் அந்த மாணவனின் கணக்கில் ஓர் இலக்கம்கூடப் பிழையில்லை. எண்களைத் தொடுமுன் அவ்வெண்கள் எதைக் குறிக்கின்றன என்று அவன் கேட்கவில்லை. தேர்வுத்தாளில் இப்படிப்பட்ட பிழைக்கு ஓரிரு மதிப்பெண் போகும். ஒரு தொழிற்சாலையிலோ முலாம் இருப்பதைவிடத் தடித்தது என்று நம்பி, மெல்லிய முலாம் கொண்ட பொருளை வெளியே அனுப்பிவிட நேரும்.

அந்த மாணவியின் விடையையும் நாம் சோதிக்காமல் விடலாகாது. 7.2 என்று நான் சொன்னேன். அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள 2 நம்பத்தக்கதா? இக்கணக்கில் முலாமின் எடை, 2.5 என்ற எண்ணிலிருந்து 2.4572 என்ற எண்ணைக் கழித்துப் பெறப்பட்டது. இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டை எடுக்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 97.5 என்று அச்சிட்டிருப்பது 97.45 முதல் 97.55 வரை எதுவாகவும் இருக்கலாம், 99.2 என்பதும் அவ்வாறே 99.15 முதல் 99.25 வரை இருக்கலாம். இந்த எல்லைகளை வைத்து மீண்டும் கணக்கிட்டால், தடிமன் 6.8 மைக்ரானுக்கும் 7.7 மைக்ரானுக்கும் இடையே எங்கேனும் இருக்கலாம் என்று தெரிகிறது. ஆகவே நேர்மையான விடை, ஏறத்தாழ ஏழு மைக்ரான் என்பதே. கணக்குப் பொறி பத்து இலக்கங்களைக் காட்டுகிறது என்பதற்காகப் பத்தையும் எழுதுவது அறிவியல் ஆகாது.

ஏழு மைக்ரான் என்பது எவ்வளவு? உங்கள் உடலில் ஓடும் இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒன்றின் விட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான். வேறு விதமாகவும் பார்க்கலாம். அந்த முலாம் ஒரு சென்டிமீட்டர் தடிமனாகத் தெரியுமாறு காசைப் பெரிதாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காசு 26 மீட்டர் விட்டமும் இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமும் கொண்ட பெரிய வட்ட மேடையாகிவிடும். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் சாந்துப் பூச்சு. அந்தப் பூச்சைப் பார்த்துத்தான் முழு மேடையும் செம்பு என்று நாம் எண்ணுகிறோம்.

இது வரையிற் சொன்னது, அச்சிட்ட எண்களைக் கொண்டு செய்த கணக்கு. சோதனைச் சாலையில் நேராகவே முலாத்தை நிறுத்துப் பார்க்கவும் வழியுண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் துத்தநாகத்தைக் கரைக்கும், செம்பைத் தொடாது. ஏனெனில் உலோகங்களின் வினைத்திற வரிசையில் துத்தநாகம் ஹைட்ரஜனுக்கு மேலேயும் செம்பு கீழேயும் உள்ளன. காசின் விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் அரத்தால் இலேசாக அராவி, துத்தநாகம் தெரியச் செய்து, அமிலத்தில் இட்டால், அராவிய இடங்களிலிருந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். பல மணி நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளுடல் முழுவதும் கரைந்து, காசின் உருவம் கெடாத மெல்லிய செம்புக் கூடு மட்டும் எஞ்சியிருக்கும். கைபட்டால் நசுங்கிவிடும் அளவுக்கு மெல்லியது அது. அதைக் கழுவி, உலர்த்தி, நிறுத்தால் முலாமின் எடை கிடைக்கும்.

இங்கேயும் அந்த மாணவியின் கேள்வி நம்மைத் தொடர்கிறது. உள்வில்லையிற் கலந்திருந்த 0.8 பங்கு செம்பு எங்கே போகும்? அதுவும் இவ்வமிலத்திற் கரையாது. ஒரு காசுக்கு ஏறத்தாழ 0.02 கிராம் நுண்ணிய கரும்பொடியாகக் கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அதை நன்கு கழுவி நீக்காமல் நிறுத்தால், 0.0428 கிராமுக்குப் பதிலாக மீண்டும் அந்தப் பழைய 0.0625 கிராமுக்கே போய்ச் சேருவோம். தாளிற் செய்யக்கூடிய பிழையைச் சோதனைச் சாலையிலும் செய்ய முடியும் என்பதைக் கவனியுங்கள். அரத்தால் மிகுதியாக அராவினாலோ, செம்பு இழந்து விடை குறைந்துவிடும். ஆகவே அராவுதல் சிறிதாகவும், கழுவுதல் முழுமையாகவும் இருத்தல் வேண்டும்.

தராசைப் பற்றியும் ஒரு சொல். பள்ளித் தராசு ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டுவதாகக் கொள்வோம். ஒரு கூட்டின் எடை 0.0428 கிராம். தராசு 0.04 என்று காட்டும். அதற்கு அடுத்த இலக்கம் நமக்குத் தெரியாது. எட்டில் ஒரு பங்கு ஐயம் அங்கேயே நுழைந்துவிடுகிறது. இருபது கூடுகளை ஒன்றாக நிறுத்தால் 0.86 கிராம் வரும்; அதை இருபதால் வகுத்தால் ஐயம் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நெல்மணி ஒன்றின் எடையை அறிய ஆயிரம் மணிகளை எண்ணி நிறுப்பது போன்றதே இது. விலையுயர்ந்த தராசு இல்லையே என்று வருந்துபவர்களுக்கு, பொறுமை ஓரளவு தராசாக உதவும்.

ஆயினும் இருபது காசுகளையும் ஒரே நேரத்தில் அமிலத்தில் இடலாகாது. ஒரு காசிலுள்ள துத்தநாகம் கரைவதனால் ஏறக்குறைய 900 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். இருபதுக்குப் பதினெட்டு லிட்டர். ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும். காற்றுடன் கலந்தால் வெடிக்கும். எனவே ஆசிரியர் உடனிருக்க, காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பின்றி, ஒன்றிரண்டாகச் செய்தல் வேண்டும். கண்ணாடி அணிவதும் கையுறை இடுவதும் கட்டாயம். நம் நாட்டுக் காசுகளை இவ்வாறு கரைத்துப் பார்க்க முற்படாதீர்கள். காசுகளை உருக்குவதும் அழிப்பதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றமாகும்.

ஆர்க்கிமிடீஸின் முறையால் காசை நீரில் அமிழ்த்தி அடர்த்தியைக் கண்டு, அதிலிருந்து முலாத்தை அறியலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். கொள்கையளவில் ஆகும், செயலளவில் ஆகாது. முலாம் காசின் எடையில் நூற்றுக்கு 1.7 பங்குதான். அதனால் அடர்த்தியில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது. துத்தநாகத்தின் அடர்த்தி 7.14 என்றால் காசின் அடர்த்தி அதைவிட ஒரு சில நூற்றில் பங்குகளே மிகும். காசில் ஒட்டிய ஒரு காற்றுக் குமிழியே அந்த மாற்றத்தை விழுங்கிவிடும். பொன்முடியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய அம்முறை மிகச் சிறந்தது. மேல்தோலின் தடிமனை அறிய உதவாது. எந்தக் கருவி எதற்கு ஏற்றது என்று தெரிவதும் அறிவியலின் ஒரு பகுதியே.

மற்றொரு வழி, மைக்கேல் பாரடே வகுத்த மின்னாற்பகுப்பு விதிகள் காட்டும் வழி. முலாம் பூசும்போதே, செலுத்திய மின்சாரத்தைக் கொண்டு படிந்த உலோகத்தைக் கணக்கிடலாம். செம்பு அயனி இரண்டு மின்னூட்டம் உடையதாகக் கரைசலில் இருப்பின், 63.55 கிராம் செம்பு படிவதற்கு 96,485 கூலும் மின்னூட்டத்தைப்போல் இரு மடங்கு தேவை. அவ்வாறாயின் 0.0428 கிராமுக்கு 130 கூலும் போதும். பத்தில் ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 22 நிமிடம் செலுத்தினால் அவ்வளவு மின்னூட்டம் பாய்ந்துவிடும். அயனி ஒற்றை மின்னூட்டம் உடையதாக இருக்கும் கரைசலில் இதிற் பாதியே தேவைப்படும். செலுத்திய மின்சாரத்தில் ஒரு பகுதி ஹைட்ரஜனை வெளிப்படுத்துவதிற் செலவாகிவிடக் கூடுமாகையால், இக்கணக்குத் தடிமனின் மேல் எல்லையையே தரும். தராசு காட்டும் எண்ணையும் மின்சாரம் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எவ்வளவு மின்சாரம் வீணாயிற்று என்பதும் தெரிந்துவிடும்.

இவ்வழிகள் யாவும் தருவது சராசரித் தடிமனே என்பதை நீங்கள் மறவாதிருக்க வேண்டும். வகுப்பின் சராசரி மதிப்பெண் அறுபது என்றால், எவரும் தவறவில்லை என்று பொருளாகுமா? அதுபோல, முலாமின் சராசரி ஏழு மைக்ரான் என்றால், எங்கும் ஏழு மைக்ரான் இருக்கிறது என்று பொருளாகாது. மின்னோட்டம் விளிம்புகளில் மிகுந்து பாய்வதால் அங்கே முலாம் தடித்தும், நடுவில் மெலிந்தும் படிவது இயல்பு. பிறகு அச்சுகளுக்கிடையே அழுத்தி உருவம் பதிக்கும்போது, முலாமும் உள்வில்லையோடு சேர்ந்து இழுபடுகிறது. ஓர் இடத்தின் தடிமனைத் திட்டமாக அறிய வேண்டுமானால், காசை நடுவே வெட்டி, வெட்டு முகத்தை மெருகிட்டு, நுண்பெருக்கியால் நோக்க வேண்டும். காசை வெட்டாமலே, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அறியும் கருவிகளும் இன்று உள்ளன.

சராசரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஓர் அரசனின் மூக்கு உலகுக்குக் காட்டியது. இங்கிலாந்தை ஆண்ட எட்டாம் ஹென்றி, 1544ஆம் ஆண்டு முதல் தம் வெள்ளி நாணயங்களில் செம்பை மிகுதியாகக் கலந்து அடிக்கச் செய்தார். மேற்பரப்பு மட்டும் வெள்ளி நிறமாகத் தோன்றும். நாணயத்தில் அரசரின் முகம் நேர்நோக்கிப் பொறிக்கப்பட்டிருந்தது; அதில் மிகவும் மேடாக இருந்தது மூக்கு. கை மாறி மாறிச் சென்றபோது மூக்கின் மேலிருந்த வெள்ளியே முதலில் தேய்ந்தது. உள்ளிருந்த செம்பு சிவப்பாகத் தெரிந்தது. மக்கள் அவருக்குச் ‘செப்பு மூக்கர்’ என்று பெயரிட்டுவிட்டார்கள். காசின் மற்ற இடங்களிலெல்லாம் வெள்ளி இருந்தது, சராசரியும் இருந்தது. ஆனால் பூச்சின் ஆயுளை முடிவு செய்தது அதன் மிக மெலிந்த இடமே.

அரசரின் மானத்தோடு நின்றிருந்தால் இதை வேடிக்கையாக விட்டுவிடலாம். இன்றைய துத்தநாகக் காசில் வேறொரு செய்தி உண்டு. சிறு குழந்தைகள் காசை விழுங்கிவிடுவதுண்டு. நம் இரைப்பையிற் சுரப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமே. முலாம் முழுமையாக இருக்கும்வரை செம்பு அதைத் தாங்கி நிற்கும். எங்கேனும் கீறல் விழுந்து துத்தநாகம் வெளிப்பட்டிருந்தாலோ, சோதனைச் சாலையில் நாம் கண்ட அதே வினை வயிற்றினுள்ளே நடக்கத் தொடங்கும். இரைப்பையில் அரிக்கப்பட்ட சென்ட் காசுகளையும், அவற்றால் விளைந்த புண்களையும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். எந்தக் காசானாலும் குழந்தை விழுங்கிவிட்டால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஏழு மைக்ரான் என்னும் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். இதற்கு அயல்நாட்டுக் காசு வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுத் துண்டு போதும். நம் வீட்டு வாளிகளும் கூரைத் தகடுகளும் அத்தகடால் ஆனவையே. பத்துச் சென்டிமீட்டர் நீளமும் பத்துச் சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டை வெட்டி நிறுக்கிறோம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, பொங்கிவரும் குமிழிகள் சட்டென்று அடங்கியவுடன் வெளியே எடுத்துக் கழுவி உலர்த்தி மீண்டும் நிறுக்கிறோம். எடை 2.8 கிராம் குறைந்திருப்பதாகக் கொள்வோம். துத்தநாகத்தின் அடர்த்தி 7.14. ஒரு பக்கத்துப் பூச்சின் தடிமன் எவ்வளவு?

விடை இருபது மைக்ரானுக்கு அருகில் வரும். ஆனால் விடையை எழுதுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் வெட்டிய விளிம்பில் பூச்சு உண்டா? குமிழிகள் அடங்கிய பிறகும் அமிலத்திலேயே விட்டிருந்தால், குறைந்த எடை முழுவதும் துத்தநாகத்தினுடையதுதானா, இரும்பும் அதில் சேர்ந்ததா? என் தராசு எத்தனை இலக்கம் வரை உண்மை சொல்லும்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகு நீங்கள் எழுதும் எண், எவர் கேட்டாலும் காரணம் காட்டி நிலைநாட்டக்கூடிய எண்ணாக இருக்கும். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஆசிரியரின் உதவியோடு இதைச் செய்து பாருங்கள்.